இடையில் யாருமில்லாத அரியணை



நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது வளைகுடாவில் வேலை பார்த்திருப்பார். அங்கிருந்து வந்த பணத்தில் எழும்பிய வீடுகளை நாம் அறிவோம். அந்த நாடுகள் எப்படி ஆளப்படுகின்றன என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. சவூதி அரேபியா, குவைத், பஹ்ரைன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், ஜோர்டான், மொரோக்கோ ஆகிய எட்டு அரபு நாடுகளில் இன்றும் மன்னரோ அமீரோ சுல்தானோதான் ஆள்கிறார். இணையம் வந்த பிறகு அந்த அரியணைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதே இன்றைய பொருள்.

இந்தக் கதை வானொலியில் தொடங்குகிறது. கெய்ரோவிலிருந்து 1953 முதல் ஒலித்த ‘அரபுகளின் குரல்’ நிலையம் எகிப்தியத் தலைவர் நாசிரின் பேச்சை அம்மானின் காப்பிக் கடைகளுக்கும் யேமனின் மலைக் கிராமங்களுக்கும் கொண்டுபோயிற்று. எழுத்தறியாதவரையும் அது எட்டியது. எகிப்தின் ஃபாரூக் 1952-லேயே கப்பலேறிவிட்டார். 1958 ஜூலை 14 அன்று இராக்கின் இளம் மன்னர் இரண்டாம் ஃபைசல் அரண்மனை முற்றத்தில் குடும்பத்தாரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 1962-இல் வட யேமனின் இமாம் போனார். 1969-இல் லிபியாவின் இத்ரிஸ். அதற்கு முந்தைய ஆண்டே, முன்னைய வீழ்ச்சிகளைக் கண்ட அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் 1968-இல் எழுதிய நூலில் ‘மன்னரின் இக்கட்டு’ என்று ஒன்றைச் சொன்னார். நாட்டை நவீனமாக்க மன்னர் அதிகாரத்தைத் தன் கையில் குவிக்க வேண்டும். நவீனமானதும் புதிதாகப் படித்து வரும் வகுப்பு அதே அதிகாரத்தில் பங்கு கேட்கும். கொடுத்தால் மன்னர் அலங்காரமாகிவிடுவார், மறுத்தால் கவிழ்ந்துவிடுவார் என்பது அவர் கணிப்பு.

கணிப்பு பலிக்கவில்லை. 2011-இல் துனிசியாவின் பென் அலி, எகிப்தின் முபாரக், லிபியாவின் கடாபி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் யேமனின் சாலிஹ் என்று வீழ்ந்தவர்கள் எல்லாரும் குடியரசுகளின் தலைவர்கள். ஒரு மன்னர்கூட வீழவில்லை. எண்ணெய்ப் பணம் காப்பாற்றியது என்பார்கள். ஜோர்டானிலும் மொரோக்கோவிலும் எண்ணெய் ஏது? ஆளும் குடும்பமே அமைச்சரவையாகவும் படைத்தலைமையாகவும் பரவி நிற்பதுதான் வளைகுடா முடியாட்சிகளின் பலம் என்று மைக்கேல் ஹெர்ப் 1999-இல் வாதிட்டார். அதில் நிறைய உண்மை உண்டு. அமெரிக்கப் பாதுகாப்பும் ஒரு காரணம். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதைத்தான் இணையம் அரித்துக்கொண்டிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

“சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும்” என்பது நம் பழமொழி. பூசாரி மேல் உள்ள கோபம் சாமி மேல் போகாது. அரபு முடியாட்சிகள் இந்த ஏற்பாட்டில்தான் நிலைத்து நின்றன. குவைத்தில் திவானியா, மற்ற இடங்களில் மஜ்லிஸ் என்னும் கூடங்கள். அங்கே குலத்தலைவர்கள், உலமாக்கள் என்னும் மத அறிஞர்கள், வணிகர் குடும்பத்துப் பெரியவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள். குறைகள் இவர்கள் வழியாக, மரியாதை குறையாத சொற்களில், மேலே போகும். உதவிகள் இவர்கள் வழியாகக் கீழே வரும். ஏதாவது கெட்டுப்போனால் அமைச்சர் மாற்றப்படுவார். மன்னர் நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் சரியில்லை என்று சொல்லி மக்களும் ஆறுதல் அடைவார்கள். பைஅத் என்னும் விசுவாச உறுதிமொழியை மன்னருக்கு முதலில் அளிப்பவர்களும் இந்த நடுவாட்களே. ஆட்சியின் நியாயம் என்பது அவர்கள் வழியாகச் சுற்றிச்சுற்றி வந்த ஒன்று.

இந்த நடுவெளியை முதலில் சோதித்தவை ஒலிநாடாவும் தொலைநகலும். 1990-இல் குவைத்தை இராக் கைப்பற்றியபின் அமெரிக்கப் படை சவூதி மண்ணில் இறங்கியபோது, சல்மான் அல்-அவ்தா போன்ற இளம் உலமாக்களின் கண்டனப் பேச்சுகள் ஒலிநாடாக்களில் கைமாறின. அவ்தா 1994 முதல் 1999 வரை சிறையில் இருந்தார். முகமது அல்-மஸாரி லண்டனுக்குத் தப்பி, அங்கிருந்து சவூதி அலுவலகங்களின் தொலைநகல் இயந்திரங்களுக்குத் துண்டறிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். ஆகவே இணையம் வாசலுக்கு வந்தபோது சவூதி அரசு அவசரப்படவில்லை. பொதுமக்களுக்கு இணையம் 1999-இல்தான் திறந்தது. அப்போதும் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுப் போக்குவரத்து முழுவதும் ரியாத்தில் உள்ள அப்துல் அஜீஸ் மன்னர் அறிவியல் தொழில்நுட்ப நகரத்தின் ஒரே வாசல் வழியாக வந்து, வடிகட்டப்பட்டுப் போகும்படி கட்டமைக்கப்பட்டது. தடைசெய்த பக்கத்தைத் திறந்தால் இது அனுமதிக்கப்படவில்லை என்ற அறிவிப்பே வரும். அரசு தன் கையை மறைக்கவில்லை. துறைமுகத்தில் சுங்கச் சாவடி இருப்பதுபோல் இங்கும் ஒன்று இருப்பது இயல்பு என்றே அது எண்ணியது.

வடிகட்டி எதைத் தடுக்க முடியாது என்பதற்குப் பஹ்ரைனில் 2006-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது சிறிய தீவு. ஆளும் குடும்பம் சுன்னி, குடிமக்களில் பெரும்பாலோர் ஷியா. கடலோரக் கிராமங்களில் வீடு கட்ட மனையில்லை. பிள்ளைகள் வளர்ந்து மணமாகிப் பெற்றோர் வீட்டிலேயே அறை தடுத்து வாழ்ந்தார்கள். மதில்களுக்கு அப்பால் அரச குடும்பத்தாரின் மாளிகைகளும் தோட்டங்களும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு பெரியவை என்றுதான் தெரியாது. கூகுள் எர்த் வந்தது. யாரோ அந்தச் செயற்கைக்கோள் படங்களைத் தொகுத்து, அரண்மனைகளையும் தனித்தீவுகளையும் குறித்து, ஓர் ஆவணமாக்கி மின்னஞ்சலில் விட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு கூகுள் எர்த்தைத் தடை செய்தது. தடையே செய்தியாகிவிட, சில நாட்களில் விலக்கிக்கொண்டது.

இதில் நான் கவனிப்பது இதுதான். அந்தப் படங்களில் ஒரு சொல்கூட இல்லை. மன்னரை யாரும் ஏசவில்லை. புதிய இரகசியம் எதுவும் வெளிவந்ததாகவும் சொல்ல முடியாது. தனித்தனியாக எல்லாரும் அறிந்திருந்ததை, எல்லாரும் அறிந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் அறிந்துகொண்டார்கள். மஜ்லிஸில் ஒருவர் நிலத்தைப் பற்றிக் குறை சொன்னால் அது அவருடைய குறை. அவருக்கு ஒரு மனை கொடுத்து முடித்துவிடலாம். தீவு முழுவதும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கு மனை கொடுத்து முடிப்பது? 2011 பிப்ரவரி 14 அன்று மனாமாவின் முத்துச் சதுக்கத்தை நோக்கி மக்கள் திரண்டதற்கு நாலரை ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சதுக்கம் இப்படி நிரம்பத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் போராட்டத்தை மார்ச் 14 அன்று வளைகுடாக் கூட்டுப்படை பாலம் கடந்து வந்தபின் அடக்கினார்கள். 18 அன்று சதுக்கத்தின் நடுவே நின்ற முத்து நினைவுச் சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். 2016-இல் துராஸ் என்ற கிராமத்தில் ஷியா மதகுரு ஈசா காஸிமின் வீட்டைச் சுற்றி மக்கள் உட்கார்ந்தபோது, இரவானால் அந்த ஊருக்கு மட்டும் கைபேசி இணையம் நின்றுபோயிற்று. ஊரடங்குக்கு இப்போது படைவீரர்கள் தேவையில்லை.

ஆனால் இணையம் எடுத்த எடுப்பில் மன்னர்களுக்குப் பகையாக வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009 நவம்பரில் ஜித்தாவில் ஒரே நாள் மழையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தார்கள். கணக்கில் செலவான வடிகால் பணம் தரையில் இல்லை. பத்திரிகைகள் தயங்கி நிற்கையில் மக்கள் யூடியூபில் காட்சிகளை ஏற்றினார்கள், ஃபேஸ்புக்கில் நியாயம் கேட்டார்கள். மன்னர் அப்துல்லா விசாரணைக்கு ஆணையிட்டார். நகராட்சி அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் நீதிமன்றம் ஏறினார்கள். மக்கள் மன்னரை வாழ்த்தினார்கள். பழைய ஏற்பாடு புதிய கருவியோடு இன்னும் நன்றாக வேலை செய்தது: மக்களின் குரல் நேராக மேலே போயிற்று, தண்டனை நடுவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. 2011 மார்ச் 11 அன்று சவூதியில் ‘சினத்தின் நாள்’ என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு விடப்பட்டபோது ரியாத்தில் ஏறத்தாழ யாருமே வரவில்லை. அந்தச் சில வாரங்களில் மன்னர் அறிவித்த நலத்திட்டங்களின் மதிப்பு சுமார் 13,000 கோடி டாலர். காவல் வண்டிகளும் தெருவில் நின்றன. ஆயினும் பணமும் பயமும் மட்டுமே காரணம் என்று சொன்னால் ஜித்தாவில் மக்கள் மன்னரை உண்மையாகவே வாழ்த்தியதை நாம் மறந்தவர்களாவோம்.

இந்த ஏற்பாடு எங்கே கிழிந்தது? எனக்கு மொரோக்கோவில் 2013-இல் நடந்த ஒன்று அடிக்கடி நினைவுக்கு வரும். அதற்கு இரண்டாண்டு முன், பிப்ரவரி 20 இயக்கம் ஃபேஸ்புக்கிலிருந்து தெருவுக்கு வந்தபோது, ஆறாம் முகமது மார்ச் 9 அன்றே உரையாற்றிப் புதிய அரசியல் சாசனம் தருவதாக வாக்குறுதி அளித்தார். அந்தச் சாசனத்தில் மன்னர் ‘புனிதமானவர்’ என்ற சொல் நீங்கியது. அவரை அவமதிக்கலாகாது என்பது நின்றது. வெகு சாமர்த்தியமான நகர்வு. பிறகு 2013 ஜூலை 30, அரியணை நாள். வழக்கப்படி கைதிகளுக்கு மன்னரின் மன்னிப்பு. ஸ்பெயின் நாட்டவர் 48 பேர் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தானியேல் கால்வான், 11 குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 30 ஆண்டுத் தண்டனை பெற்றவர். செய்தி இணையத்தில் வெளியாயிற்று. ஆகஸ்ட் 2 அன்று ரபாத்தில் நாடாளுமன்றத்தின் முன் கூடியவர்களைக் காவல்துறை அடித்தது. இரத்தம் வழியும் முகங்களின் படங்கள் அன்றிரவே எங்கும் பரவின. குற்றத்தின் கொடுமை மன்னருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அரண்மனை அறிக்கை விட்டது. 4 அன்று மன்னிப்பு திரும்பப் பெறப்பட்டது. சிறைத்துறைத் தலைவர் நீக்கப்பட்டார். மன்னர் அந்தக் குழந்தைகளின் குடும்பத்தாரை அழைத்துச் சந்தித்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஜித்தா போலவே இருக்கிறது. பழி ஓர் அதிகாரியின் தலையில் இறங்கியது. ஆனால் மன்னிப்பு வழங்குவது அமைச்சரின் வேலை அல்ல. மன்னரின் சொந்த உரிமை அது, அவருடைய கருணையின் அடையாளம். அதை மக்கள் ஐந்தே நாட்களில் திருப்பி வாங்க வைத்தார்கள். தெரிவிக்கப்படவில்லை என்ற விளக்கமும் ஒரு விலை கேட்டது: தெரியாமல் கையெழுத்திடுகிறவர் எப்படி ஆள்கிறார் என்று ஒரு பெண் கேட்டால், அந்தக் கேள்விக்கு அதிகாரியை நீக்குவது பதிலாகாது. அந்தக் குழந்தைகளுக்கு அரைகுறையாகவேனும் நியாயம் கிடைத்ததை நான் மனமார வரவேற்கிறேன். அரியணையின் பார்வையில் அந்த வாரம் ஓர் எச்சரிக்கை.

எச்சரிக்கையை எல்லா அரண்மனைகளும் படித்தன. எட்டு நாடுகளும் தத்தம் போக்கில் விடை தேடினாலும் சவூதியின் விடைதான் மற்றவர்களை இழுத்துச் சென்றது. ஆகவே அங்கே சற்று நிற்கிறேன்.

2011-க்குப் பின் சில ஆண்டுகள் சவூதியின் திவானியா ட்விட்டர்தான். திரையரங்கு இல்லாத, கட்சி இல்லாத, சங்கம் இல்லாத நாட்டில் இளைஞர்கள் அங்கேதான் கூடினார்கள். சம்பளம் போதவில்லை என்று 2013-இல் ஒரு வாசகம் பரவியது. முஜ்தஹித் என்ற புனைபெயர்க் கணக்கு அரச குடும்பத்துக்குள் நடப்பவை என்று சொல்லி இரவுதோறும் எழுதியது. சிறையிலிருந்து வந்த சல்மான் அல்-அவ்தாவை 1.4 கோடிப் பேர் பின்தொடர்ந்தார்கள். ஓர் உலமாவுக்கு இவ்வளவு பெரிய அவை வரலாற்றில் எப்போது வாய்த்தது? இங்கேதான் சிக்கல். பழைய நடுவாட்கள் அரண்மனையின் தயவில் நின்றவர்கள். இந்தப் புதிய நடுவாட்களுக்கு அரண்மனையின் தயவு தேவைப்படவில்லை.

முகமது பின் சல்மான் 2017 ஜூனில் பட்டத்து இளவரசரானார். செப்டம்பரில், அப்போது உறவு முறிந்திருந்த கத்தாரோடு சமரசம் வரக்கூடும் என்ற செய்தியைக் கேட்டு, இறைவன் அவர்களுடைய உள்ளங்களை இணைப்பானாக என்ற பொருளில் அவ்தா எழுதினார். சில மணி நேரத்தில் கைதானார். அரசு வழக்கறிஞர் அவருக்கு மரண தண்டனை கேட்டார். ஒரு பிரார்த்தனைக்கு! அதில் அரசுக்கு எதிரான சொல் எதுவும் இல்லை. அரசு சொல்லாமலே கோடிப் பேரிடம் ஒன்றைச் சொல்லும் இடத்தில் ஒருவர் இருந்தார் என்பதே குற்றம். நவம்பரில் இளவரசர்களும் பெரும் வணிகர்களும் ரியாத்தின் ரிட்ஸ் கார்ல்டன் விடுதியில் அடைக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஒழுக்கக் காவலர்களின் கைது செய்யும் அதிகாரம் பறிக்கப்பட்டிருந்தது. உலமா, இளவரசர், வணிகர் என்று நடுவில் நின்ற எல்லாத் தூண்களும் ஒரே மூச்சில் அகற்றப்பட்டன.

காலியான இடத்தில் அரசு தானே குடியேறியது. அரண்மனை ஆலோசகர் சவூத் அல்-கஹ்தானி ட்விட்டரிலேயே ஒரு கரும்பட்டியலை அறிவித்து, யார் யாரைச் சேர்க்கலாம் என்று மக்களிடம் பெயர் கேட்டார். அரசை விமர்சிப்பவரை மொய்க்கும் கூலிக் கணக்குகளை அரபு மக்கள் ‘மின்னணு ஈக்கள்’ என்று அழைத்தார்கள். வாயை அடைப்பதற்குப் பதில் இரைச்சலால் நிரப்புவது என்பது வடிகட்டியைவிட மலிவு, வலுவும் அதிகம். புனைபெயருக்குப் பின்னால் யார் என்று அறிய ட்விட்டர் நிறுவனத்துக்குள்ளேயே ஆள் பிடித்தார்கள்: அங்கே வேலை செய்த அலி அல்-ஸபாரா ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்களைத் துழாவினார் என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. அவர் 2015-லேயே சவூதிக்குப் போய்விட்டார். உடன் பணிபுரிந்த அகமது அபுஅம்மோ 2022-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இந்த ஈக்களுக்கு எதிராகத் ‘தேனீக்கள்’ என்று தன்னார்வலர் படை ஒன்றைக் கட்ட முயன்றவர்களில் ஒருவர் சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி. அவரோடு அதைத் திட்டமிட்ட, கனடாவில் இருந்த ஒமர் அப்துல் அஜீஸின் கைபேசியில் பெகாசஸ் உளவு மென்பொருள் புகுந்திருப்பதை சிட்டிசன் லேப் ஆய்வகம் 2018 அக்டோபர் 1 அன்று வெளியிட்டது. மறுநாள் கஷோக்ஜி இஸ்தான்புலில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் நுழைந்தார். வெளியே வரவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையாகும். அதே அரசு அதே கைபேசி வழியாக மக்களுக்கு நிறையக் கொடுக்கவும் செய்தது. அப்ஷர் என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டுப் புதுப்பித்தல், வாகன உரிமம், தொழிலாளியின் விசா என்று முன்பு நாள்கணக்கில் வரிசையில் நின்று, தெரிந்தவரைப் பிடித்து, கெஞ்சி முடித்த வேலைகள் நிமிடங்களில் முடிகின்றன. சிபாரிசு பிடிக்க ஆளில்லாத ஏழைக் குடிமகனுக்கு இது சாதாரணமான விடுதலை அல்ல. அந்தச் செயலியிலேயே, மனைவியோ மகளோ நாட்டை விட்டுப் போக அனுமதிக்கும் பொத்தானும் ஆண்களுக்குத் தரப்பட்டிருந்தது. தப்பிச் சென்ற இரு சகோதரியர் தந்தையின் கைபேசியை எடுத்து, தமக்குத் தாமே அனுமதி அளித்துக்கொண்டதாக 2019-இல் சொன்னார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் 21 வயது நிரம்பிய பெண்கள் ஆண் பாதுகாவலரின் அனுமதியின்றிப் பயணம் செய்யலாம் என்று ஆணை வந்தது. இப்போது அங்கே ஆட்சியின் நியாயம் பெருமளவு இப்படித்தான் பிறக்கிறது. வேலை நடக்கிறது, வாழ்க்கை இலகுவாகிறது, அதை நேராக மேலிடம் தருகிறது.

தருவது மேலிடமாகவே இருக்க வேண்டும் என்பதில்தான் பிடிவாதம். மனால் அல்-ஷரீஃப் 2011 மே மாதம் கோபர் நகரில் காரோட்டிய காட்சி யூடியூபில் பரவியதால் சிறை சென்றார். பெண்கள் காரோட்டத் தடை 2018 ஜூன் 24 அன்று நீங்கியது. அதற்குச் சில வாரம் முன்னதாக, மே மாதத்தில், அந்த உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல்-ஹத்லூல் உள்ளிட்ட பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். லுஜைன் 2021 பிப்ரவரி வரை சிறையில் இருந்தார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது முரணாகத் தெரிந்தது. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. கேட்டதால் கிடைத்தது என்று ஆகிவிட்டால் அடுத்ததையும் கேட்பார்கள். கொடுத்ததால் கிடைத்தது என்றே இருக்க வேண்டும்.

நடுவில் யாருமில்லாமல் மன்னரும் குடிமகனும் நேருக்கு நேர் நிற்கும்போது சின்னஞ்சிறு சொல்லும் மன்னர் மேலேயே விழுகிறது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்த, இரு பிள்ளைகளின் தாயான சல்மா அல்-ஷிஹாப் விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் கைதாகி, 2022 ஆகஸ்டில் ட்விட்டர் பதிவுகளுக்காக 34 ஆண்டுத் தண்டனை பெற்றார். பின்னர் அது குறைக்கப்பட்டு 2025-இல் விடுதலையானார். ஓய்வுபெற்ற ஆசிரியர் முகமது அல்-காம்திக்கு 2023 ஜூலையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பின்தொடர்ந்தவர்கள் பத்துப் பேர். பத்துப் பேர்! திவானியாவில் அதைவிட அதிகமானவர்கள் முன்னால் அவர் அதையே சொல்லியிருந்தால், முன்பு யாராவது ஒரு பெரியவர் தோளில் கைபோட்டு அடக்கியிருப்பார். அந்தப் பெரியவர் இன்று இல்லை. ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி பட்டத்து இளவரசரிடம் இந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேட்டபோது, வெட்கப்படுகிறோம் என்று ஒப்புக்கொண்டு, சட்டங்கள் மாற வேண்டும், நீதிபதியிடம் தலையிட முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார். எல்லாப் பூசாரிகளையும் வெளியேற்றிய பிறகும் பழி சொல்ல ஒரு பூசாரி தேவைப்படுகிறார். பின்னர் மரண தண்டனை நீக்கப்பட்டு, 2024-இல் 30 ஆண்டுச் சிறை ஆயிற்று.

அமீரகம் இதே பாதையில் முன்னதாகவே, ஓசையில்லாமல் நடந்தது. 2010-இல் பிளாக்பெர்ரி செய்திகளைப் படிக்க முடியவில்லை என்பதால் அந்தச் சேவையையே நிறுத்துவோம் என்று மிரட்டியது. 2016-இல் மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூரின் ஐபோனுக்கு வந்த சந்தேகமான குறுஞ்செய்தியை அவர் தொடாமல் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். அதில் இருந்த உளவுக் கருவிக்காக ஆப்பிள் நிறுவனம் உலகெங்கும் உள்ள ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. மறு ஆண்டு மன்சூர் கைதானார். 2018-இல் 10 ஆண்டுத் தண்டனை.

நம்மவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. துபாயில் இருக்கும் மகன் ஏன் வாட்ஸ்அப்பில் கூப்பிட முடிவதில்லை என்று இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் உள்ள தாய்மார்களுக்குத் தெரியும். அங்கே அந்தக் குரல் அழைப்பு தடைசெய்யப்பட்டது. கட்டணம் கட்டி போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளில்தான் பேச வேண்டியிருந்தது. 2019-இல் டோடோக் என்ற இலவசச் செயலி வந்தபோது ஏராளமானோர் பாய்ந்து சேர்ந்தார்கள். அது அமீரக உளவுத்துறையின் கருவி என்று அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது, ஆப்பிளும் கூகுளும் அதை நீக்கின. அங்குள்ள இணையக் குற்றச் சட்டங்கள் குடியுரிமை பார்ப்பதில்லை. வதந்தி எனப்படும் ஒன்றை எழுதியவர் மட்டுமல்ல, பரப்பியவரும் குற்றவாளி. 2017-இல் கத்தாருக்கு அனுதாபம் காட்டி எழுதினால் 15 ஆண்டு வரை சிறை, குறைந்தது 5 லட்சம் திர்ஹம் அபராதம் என்று அமீரகம் அறிவித்தபோது, இரு நாட்டிலும் உறவினரை வைத்திருந்த தொழிலாளிகள் எத்தனை பேர் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள்!

அந்தக் கத்தார் சச்சரவு மூண்ட விதமே நம் பொருளுக்கு உரியது. 2017 மே 23-க்கும் 24-க்கும் இடைப்பட்ட இரவில் கத்தார் செய்தி முகமையின் தளத்துக்குள் யாரோ புகுந்து, அமீர் தமீம் சொன்னதாகச் சில கூற்றுகளை ஏற்றினார்கள். இவை பொய் என்று கத்தார் உடனே மறுத்தது. சவூதி, அமீரகத் தொலைக்காட்சிகள் நிறுத்தவில்லை. இரவெல்லாம் அவற்றையே விவாதித்தன. ஜூன் 5 அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கும் உறவைத் துண்டித்தன. 2021 ஜனவரி வரை மூன்றரை ஆண்டுகள் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. பகை பழையதுதான், கூற்றுகள் வெறும் சாக்குதான். ஆனால் மன்னரின் வாக்கே சட்டமாக உள்ள ஆட்சியில் அந்த வாக்கையே போலியாகச் செய்ய முடியும் என்பதை அந்த இரவு காட்டியது. வெளியே இருப்பவர் செய்யும் போலியை எந்தச் சிறையும் தடுக்காது.

ஆளும் குடும்பத்தின் ஒற்றுமைதான் பலம் என்று ஹெர்ப் சொன்னதை முன்பு குறிப்பிட்டேன். அந்த ஒற்றுமைக்கு மதில்கள் வேண்டும். ஜோர்டானில் 2021 ஏப்ரலில், அந்நாட்டு மன்னர் அப்துல்லாவின் மாற்றாந்தாய் வழித் தம்பியான இளவரசர் ஹம்ஸா தன்னை வீட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள் என்று பேசிப் பதிவு செய்த காட்சி பிபிசிக்குப் போய்ச் சேர்ந்தது. அவரை எச்சரிக்க வந்த படைத்தளபதியோடு நடந்த உரையாடலின் ஒலிப்பதிவும் கசிந்து ஊரெல்லாம் கேட்டது. அவ்வழக்கைப் பற்றி எதையும் வெளியிடக் கூடாது என்று தடையாணை வந்தபோது கேட்காதவர்கள் மிகக் குறைவு. அடுத்த ஆண்டு அவர் இளவரசர் பட்டத்தைத் துறந்ததையும் ட்விட்டரில்தான் அறிவித்தார். ஜோர்டான் 2023-இல் கடுமையான இணையக் குற்றச் சட்டம் இயற்றியது. குவைத்தில் நாடாளுமன்றமே நடுவாளாக இருந்தது, எட்டு நாடுகளிலும் அதுவே வலுவானது. 2012-இல் ‘தேசத்தின் மானம்’ என்ற பெயரில் பெயரறியாத ஒரு ட்விட்டர் கணக்கு அழைத்தே பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். 2024 மே மாதம் அமீர் மிஷால் நாடாளுமன்றத்தைக் கலைத்து, சாசனத்தின் சில பிரிவுகளை நான்காண்டு வரை நிறுத்திவைத்தார். ரியாத்தில் நடந்ததன் மென்மையான வடிவம் இது. குவைத்தின் அந்த அவை எத்தனை குறைகளோடு இருந்தாலும் அதை இழந்ததை நான் ஒரு பெரும் இழப்பாகவே கருதுகிறேன்.

கடைசியாக, மறுபடி மொரோக்கோ. 2025-இல் அகாதிர் நகரின் அரசு மருத்துவமனையில் பிரசவித்த பெண்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். 2030 உலகக் கோப்பைக்கு மைதானங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். மைதானம் இருக்கிறது, மருத்துவமனை எங்கே என்று கேட்டு, விளையாட்டுப் பிள்ளைகள் அரட்டையடிக்கும் டிஸ்கார்ட் தளத்தில் ஜென்ஸீ 212 என்ற குழு பிறந்தது. 212 என்பது அந்நாட்டின் தொலைபேசிக் குறியீடு. அதற்குத் தலைவர் இல்லை, அலுவலகம் இல்லை. செப்டம்பர் 27 முதல் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 1 அன்று அகாதிர் அருகே லக்லியாவில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2,000-க்கும் மேற்பட்டோர் மீது வழக்குகள் பாய்ந்தன.

அவர்கள் வைத்த கோரிக்கை கவனிக்கத்தக்கது. பிரதமர் அகன்னூஷின் அமைச்சரவையைக் கலைக்க வேண்டும், கைதானவர்களை விடுவிக்க வேண்டும் என்று அவர்கள் மன்னருக்கு நேராக எழுதினார்கள். மன்னரோடு எங்களுக்குப் பகையில்லை என்று வலியுறுத்தினார்கள். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது முடியாட்சிக்குக் கிடைத்த வெற்றி: இருபது வயதுப் பிள்ளைகளும் மன்னரையே நம்புகிறார்கள். ஆனால் இடையில் நிற்கும் கட்சி, நாடாளுமன்றம், தொழிற்சங்கம் எதையும் அவர்கள் ஒரு பொருட்டாகவே கருதவில்லை என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆறாம் முகமது அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றத்தில் பேசினார். அந்த இயக்கத்தின் பெயரைச் சொல்லவில்லை. 19 அன்று அவர் தலைமையில் கூடிய அமைச்சரவை, அடுத்த ஆண்டின் நிதியறிக்கையில் மருத்துவத்துக்கும் கல்விக்கும் 14,000 கோடி திர்ஹம் என்று அறிவித்தது. அமைச்சரவை கலையவில்லை. கடிதத்துக்கு இதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வதா, பதிலே வரவில்லை என்று எடுத்துக்கொள்வதா என்பதை அந்தப் பிள்ளைகள் டிஸ்கார்டில் விவாதித்துக்கொண்டார்கள். மன்னருக்கு எழுதிய பிறகு யாருக்கு எழுதுவது என்ற கேள்வி அந்த விவாதத்துக்குள் இருக்கிறது. எட்டு அரண்மனைகளும் அதை வாசித்துக்கொண்டிருக்கின்றன.